டிசம்பர் கடைசியில் நண்பர்களோடு வள்ளத்தில் போய்த் தூண்டில் போடலாமா? கடியபட்டணம், முட்டம் பக்கம் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வடசேரிக்காரன் கேட்டது:

நாங்கள் ஆறு பேர், ஒரே கல்லூரியில் படித்தவர்கள். இப்போது இரண்டு பேர் சென்னை, இரண்டு பேர் பெங்களூரு, ஒருவன் துபாய், நான் மட்டும் நாகர்கோவிலிலேயே. கிறிஸ்துமஸ் லீவுக்கு எல்லோரும் ஊரில் இருப்போம். வழக்கமாகத் திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், ராத்திரி எங்காவது பரோட்டா, அதோடு முடிந்துவிடும். இந்தத் தடவை கடலுக்குப் போகலாம் என்று ஒருவன் கிளப்பிவிட்டான். கரையில் நின்று வீசுவது இல்லை, வள்ளத்தில் ஏறி உள்ளே போய் ஒரு பகல் முழுக்க மீன் பிடிப்பது.

எங்களில் ஒருவன் கடியபட்டணத்துக்காரன். அவனுடைய தாய்மாமா தூண்டில் தொழில் செய்கிறவர், இரண்டு எஞ்சின் வைத்த ஃபைபர் வள்ளம் சொந்தமாக வைத்திருக்கிறார். அவரிடம் கேட்டதற்கு "வாருங்கடே, பார்ப்போம்" என்றாராம். அந்தப் "பார்ப்போம்" என்பதை நாங்கள் சரி என்று எடுத்துக்கொண்டு, டிசம்பர் 26 காலை என்று நாள் குறித்து, வாட்ஸ்அப் குழுவுக்குப் பெயரும் வைத்தாயிற்று.

இனி சந்தேகங்கள். வெட்ஜ் பேங்க் என்று கடலுக்குள் ஒரு மீன்பிடி இடத்தை யூடியூபில் காட்டுகிறார்களே, அங்கே வரைக்கும் ஒரு நாளில் போய் வர முடியுமா? துபாய்க்காரன் ராடு, ரீல் எல்லாம் வாங்கி வருகிறேன் என்கிறான், அது போதுமா அல்லது மாமாவின் கைத்தூண்டில்தான் சரியா? நெய்மீன் (வஞ்சிரம்) கிடைக்குமா? வாந்தி வராமல் இருக்க என்ன செய்வது, எங்களில் ஒருவனுக்குப் பேச்சிப்பாறை மலைப்பாதையில் பஸ் திரும்பினாலே வயிற்றைப் புரட்டும். மாமாவுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதும் தெரியவில்லை, கேட்டால் சிரிக்கிறார். போலீஸ் அனுமதி ஏதாவது வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஆரல்வாய்க்_காற்று:

பஸ் திரும்பினால் புரட்டும் என்கிற நண்பரை முதலில் விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகில் ஏற்றிப் பாருங்கள். அந்தக் கொஞ்ச தூரத்திலேயே கண்ணை மூடிக்கொண்டால் கரையிலேயே விட்டுவிடுங்கள், சமையலுக்கு ஆள் வேண்டும் அல்லவா.


முட்டத்து_வள்ளம்:

தம்பி, நான் முட்டம். அப்பா காலத்தில் கட்டுமரம், இப்போது வள்ளம். உங்கள் கேள்வியில் மீனைப் பற்றி நிறைய இருக்கிறது, கடலைப் பற்றி ஒன்றுமே இல்லை. அதனால் நீங்கள் கேட்காததை முதலில் சொல்கிறேன்.

டிசம்பர் 26 வேண்டாம். 2004 சுனாமி வந்த நாள் அது. குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி என்று நம் மாவட்டக் கடற்கரையில் அன்றைக்குக் கல்லறைக்குப் போகாத வீடு குறைவு. பல ஊர்களில் அன்று யாரும் கடலுக்கு இறங்குவதில்லை. மாமா இதை உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "பார்ப்போம்" என்று சொன்னதற்குள் இதுவும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் நினைக்காதீர்கள், எங்கள் ஊர்களில் ஞாயிறு பூசைக்கும் ஓய்வுக்கும்தான். 31-ஆம் தேதி ராத்திரி வருஷக் கடைசிப் பூசை, மறுநாள் யாரையும் எழுப்ப முடியாது. இதையெல்லாம் கழித்தால் உங்களுக்கு மிஞ்சுவது இரண்டு மூன்று நாள்தான்.

அந்த இரண்டு மூன்று நாளிலும் எது என்பதை நீங்கள் குறிக்கக் கூடாது, மாமா குறிக்க வேண்டும், அதுவும் முந்தின நாள் சாயங்காலம். டிசம்பரில் குமரிக்கடல் ஒரு மாதிரியான கடல். வங்கக்கடலில் எங்காவது தாழ்வு நிலை வந்து நின்றால் இங்கே வாடைக்காற்று ஏறும். "குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில்" என்று ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். கரையில் நின்று பார்த்தால் வெயில் அடித்துக்கொண்டு நீலமாக அழகாக இருக்கும், ஆனால் நாலு மைல் தாண்டினால் வள்ளம் நிற்காது. "நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை" என்று அலை உயரம் சொல்லி ஓர் அறிவிப்பு வரும். அதையும் பாருங்கள், ஆனால் அதைப் பார்த்துவிட்டு மாமாவிடம் வாதாடப் போகாதீர்கள். அவர் ராத்திரி கடற்கரையில் நின்று அலை உடைகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கடல் நன்றாக அமைதியாக வேண்டும் என்றால் தை, மாசிதான் மேற்குப் பக்கத்துக்கு. சித்திரை, வைகாசியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே காற்றும் மழையும் இல்லாமல் கள்ளக்கடல் ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் போனது அப்படிப்பட்ட நேரத்தில்தான். ஆனி, ஆடி பற்றிப் பேசவே வேண்டாம், கச்சான் காற்று அடிக்கும்போது நாங்களே கரையில்தான் இருப்போம்.

இனி எப்படிப் போவது என்று. கடியபட்டணத்தில் துறைமுகம் இல்லை, மணலில் இருந்து தள்ளி இறக்குவார்கள். அலை உடைகிற இடத்தைத் தாண்டுகிற அந்த இரண்டு நிமிடம்தான் முழு நாளிலும் ஆபத்தான நேரம். மாமா முன்னால் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார், எதற்காகக் காத்திருக்கிறார் என்று உங்களுக்குப் புரியாது. பெரிய அலைகள் வரிசையாக வந்து போகும்வரை எண்ணிக்கொண்டிருப்பார். அவை போன உடனே எஞ்சினைத் திருகுவார். அப்போது எல்லோரும் வள்ளத்தின் நடுவில், கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து நின்று வீடியோ எடுத்தால் நான் மாமாவாக இருந்தால் வள்ளத்தைத் திருப்பிவிடுவேன்.

காலை மூன்று, நாலு மணிக்கு இறங்கினால் கரைக்காற்று பின்னால் இருந்து தள்ளும், வெளிச்சம் வரும்போது பாரின் மேல் இருக்கலாம். பதினோரு மணிக்கு மேல் கடல்காற்று எழும்பும், தண்ணீர் குலுங்க ஆரம்பிக்கும், அதற்குள் திரும்ப வேண்டும். பகல் முழுக்க என்பது யூடியூபில்தான்.


வடசேரிக்காரன்:

அண்ணே, 26 பற்றி எங்கள் கடியபட்டணத்து நண்பனிடம் இப்போதுதான் கேட்டேன். "நீங்களே குறித்துவிட்டு சந்தோஷமாக இருந்தீர்கள், எப்படிச் சொல்வது என்று இருந்தேன்" என்கிறான். தேதியை மாற்றியாயிற்று, 27 முதல் 30 வரை ஞாயிறு நீங்கலாக எந்த நாளும் சரி என்று சொல்லிவிட்டேன். பார் என்றால் கடலுக்குள் இருக்கும் பாறைதானே? அது எங்கே இருக்கிறது என்று ஜிபிஎஸ் இல்லாமல் எப்படித் தெரியும்?


முட்டத்து_வள்ளம்:

ஆமாம், அடிக்கடலில் கிடக்கிற பாறைத்திட்டு. வெறும் மணலில் தூண்டில் போட்டால் இரை அழுகும், மீன் வராது. கலவா, விளைமீன், சங்கரா எல்லாம் பாரை ஒட்டித்தான் மேயும்.

இப்போது எல்லோரிடமும் ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனால் உங்கள் மாமாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால் கணியம் பார்க்கத் தெரியும். கரையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அடையாளம் எடுப்பார்கள், ஒரு கோவில் கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு மலையின் மூக்கும் நேராக வந்தால் ஒரு கோடு. வேறு பக்கம் திரும்பி இன்னும் இரண்டு, விளக்குமரமும் ஒரு தென்னந்தோப்பின் முனையும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் பார். கரை மங்கினால் மலையை மட்டும் வைத்துப் பார்ப்பார்கள். அவரிடம் கேளுங்கள், சொல்வார். ஆனால் எந்தக் கோபுரம், எந்த மலை என்பதை இங்கே வந்து எழுதிவிடாதீர்கள், அது அவர் சொத்து.

சரியான இடத்தில் நின்ற பிறகும் ஓட்டம் பார்க்க வேண்டும். ஈயத்தை இறக்கினால் தங்கூசி, அதாவது நைலான் தூண்டில் கயிறு, நேரே கீழே போக வேண்டும். சாய்ந்துகொண்டு போனால் நீரோட்டம் கனம் என்று அர்த்தம், ஈயம் தரையில் நிற்காது, முப்பது பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) தண்ணீருக்கு நாற்பது பாகம் கயிறு போகும், மீன் கடித்தாலும் கைக்குத் தெரியாது. அப்படி இருந்தால் மீன் இல்லை என்று அலுத்துக்கொள்ளாமல் கொஞ்சம் காத்திருங்கள். ஓட்டம் தணிகிற நேரத்தில் திடீரென்று எல்லாக் கயிற்றிலும் ஒன்றாகக் கடிக்கும்.


தூத்தூர்_பையன்:

வெட்ஜ் பேங்க் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். அது ஒரு பாறை கிடையாது. கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 10,000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிற மேடு, சுற்றிலும் ஆழம், இது மட்டும் ஆழம் குறைவு, அதனால் மீன் அங்கே கூடுகிறது. ஒரு காலத்தில் கொழும்பிலிருந்து ட்ராலர்கள் வந்து அங்கே பிடித்துக்கொண்டிருந்தன, 1976-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் அது நம் கடல் என்று உறுதியானது. கடியபட்டணத்திலிருந்து ஃபைபர் வள்ளத்தில் ஆறு புதிய ஆட்களை ஏற்றிக்கொண்டு அங்கே போய் அன்றே திரும்புவது என்பது பேச்சுக்குக்கூட வேண்டாம். மண்ணெண்ணெய்ச் செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், காற்று மாறினால் திரும்பி வர வழி?

எங்கள் ஊர்க்காரர்கள் சுறாவுக்கும் கேரை என்கிற பெரிய சூரைக்கும், ஒரே கயிற்றில் நிறைய முள் கட்டிய ஆயிரங்கால் தூண்டில் போட்டுக்கொண்டு லட்சத்தீவு, குஜராத் தாண்டி எல்லாம் போவார்கள், போனால் ஒரு மாதம், நாற்பது நாள். அது பெரிய விசைப்படகு, அதில் சமையல், படுக்கை, ஐஸ் அறை எல்லாம் உண்டு. அப்படிப் போனவர்களே 2017 நவம்பர் 30 ஒகிப் புயலில் எத்தனை பேர் திரும்பவில்லை என்று மாவட்டத்துக்கே தெரியும். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் கைபேசிக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள். அதனால் எட்டாத தூரத்துக்குப் போக ஆசைப்படாதீர்கள். மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே மீன் இருக்கிறது.

அனுமதி கேட்டிருந்தீர்கள். மீன்பிடி வள்ளம் மீன் பிடிக்கத்தான், காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிப்போக அல்ல. 2017 பிப்ரவரியில் மணப்பாட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய வள்ளம் கவிழ்ந்து பல உயிர் போனது நினைவிருக்கும். அதிலிருந்து தெரியாத ஆட்களை ஏற்ற யாரும் சம்மதிப்பதில்லை. நீங்கள் மருமகனின் கூட்டுக்காரர்கள் என்பதால் மாமா மறுக்காமல் இருக்கிறார், ஏதாவது ஆனால் மாட்டிக்கொள்வது அவர்தான். ஆகவே முன்கூட்டியே அவரோடு கடலோரக் காவல் நிலையத்துக்கு ஒரு நடை போய், இன்னார் இன்னார் போகிறோம், போகலாமா என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். போகலாம் என்றால் ஆதார் நகல், ஆளுக்கு ஒரு உயிர்காப்பு உடை. அந்த உடையைப் போட்டுக்கொள்ள வேண்டும், மடித்து உட்கார்ந்துகொள்வதற்கு அல்ல. 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமம், 1554 கடலோரக் காவல்படை, இரண்டையும் கைபேசியில் போட்டு வையுங்கள்.


ராடு_ரீல்:

ஒரு மாற்றுக் கருத்து. நான் மார்த்தாண்டம், பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவன், ஓமானில் வேலை பார்த்தபோது பழகியது. கைத்தூண்டில்தான் உயர்வு, ராடு எல்லாம் ஆடம்பரம் என்று பெரியவர்கள் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முப்பது பாகத்தில் இருந்து ஒரு பெரிய பாறை மீன் இழுத்தால் பழக்கமில்லாத கையில் தங்கூசி அறுத்துவிடும். நல்ல ரீல் இருந்தால் அதன் பிடிமானத்தைத் தளர்த்திவிட்டு மீனை ஓடவிடலாம், களைத்த பிறகு இழுக்கலாம். துபாய் நண்பர் குட்டையான, தடித்த ராடு இரண்டு கொண்டுவந்தால் போதும். நீண்ட ராடு வள்ளத்தில் உபத்திரவம், திரும்பும்போதெல்லாம் யார் தலையிலாவது இடிக்கும்.

இன்னொன்று. சின்னக் கலவா வந்தால் விட்டுவிடுங்கள். கலவா மெதுவாக வளர்கிற மீன், பெட்டையாக வளர்ந்து பெரிதான பிறகுதான் கடுவனாக மாறும். பெரியதையெல்லாம் பிடித்துவிட்டால் அந்தப் பாரில் கடுவனே மிஞ்சாது, சின்னதையெல்லாம் பிடித்தால் முட்டையிட ஒன்றும் இருக்காது. படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் விடுவது இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிற பழக்கம்.


முட்டத்து_வள்ளம்:

ராடு தம்பி சொன்னதில் பாதி சரி. கை அறுக்கும் என்பது உண்மை. அதற்கு நாங்கள் பழைய சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொள்வோம், தங்கூசி அதன் மேல் ஓடும். மீன் இழுக்கும்போது கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது, அது ஒன்றைச் செய்யாமல் இருந்தால் போதும். ஆனால் கடிப்பதை உணர்வது கைத்தூண்டிலில்தான். கலவா ஒரே இழு இழுத்துப் பொந்துக்குள் போகும், விளைமீன் தட்டித் தட்டிப் பார்க்கும், கிளாத்தி பொடிப் பொடியாகக் கொறிக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும்.

சின்னதை விடு என்பதும் நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் முப்பது பாகத்திலிருந்து ஏறி வந்த கலவாவைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே இருக்கிற காற்றுப்பை ஊதி, இரைப்பை வாய் வழியாகப் பிதுங்கி, கண் புடைத்துக்கொண்டு வரும். அதைத் தூக்கித் தண்ணீரில் போட்டால் மல்லாந்து மிதக்கும், பருந்து கொத்திக்கொண்டு போகும். நீங்கள் விட்டதாகப் படம் இருக்கும், மீன் இருக்காது. சின்னது வேண்டாம் என்றால் பெரிய தூண்டில் முள் போடுங்கள், பெரிய இரையாகக் கோர்த்துவிடுங்கள். சின்னது மட்டும் கடிக்கிற இடம் என்றால் வேறு பாருக்கு நகருங்கள்.


ராடு_ரீல்:

ஆழத்தில் பிடித்ததை அப்படியே மேலே விட்டால் சாகும் என்பதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. அதற்கு ஈயம் கட்டிய கவ்வியில் மாட்டி மீனைத் திரும்ப ஆழத்துக்கே இறக்கிவிடுகிற முறை இருக்கிறது, அழுத்தம் கூடியதும் பை சுருங்கி அது நீந்திப் போகும். ஆனால் முதல் தடவை போகிறவர்கள் அதைச் செய்யப் போவதில்லை என்பதால் பெரிய முள் யோசனையே நல்லது.


வடசேரிக்காரன்:

கிளாத்தி என்றதும் ஞாபகம் வருகிறது, நெய்மீன் கேட்டிருந்தேனே?


முட்டத்து_வள்ளம்:

நெய்மீன் பாரில் நின்று வேடிக்கை பார்க்காது, ஓடுகிற மீன். வள்ளம் ஓடும்போது பின்னால் பொய்யிரை கட்டி இழுத்துக்கொண்டு வந்தால், போகிற வழியிலோ வருகிற வழியிலோ ஒன்று பிடிக்கலாம். சூரை, சீலா, கட்டா இவைதான் அதிகம் கடிக்கும். நெய்மீன் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதன் பல் கத்தி மாதிரி, தங்கூசியை நறுக்கிவிடும், முள்ளுக்கு மேல் ஒரு முழம் கம்பி கட்டுங்கள். வள்ளத்துக்குள் விழுந்த பிறகும் வாய்ப் பக்கம் கை வைக்காதீர்கள்.

கிளாத்தி கேட்காமலே வரும். முன்பெல்லாம் எப்போதாவது ஒன்று வரும், இப்போது கூட்டம் கூட்டமாக நிற்கிறது. அது பாருக்கு மேலே வந்து நின்றுவிட்டால் இறக்குகிற இரையெல்லாம் தரைக்குப் போவதற்குள் காலி, முள் மட்டும் பளபள என்று திரும்பி வரும். அதற்குக் கணவாய்த் துண்டு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், சாளை ஒரு நொடி நிற்காது. கணவாயை விரல் நீளத்துக்குக் கீறி, தோல் பக்கமாக முள்ளை இரண்டு தடவை கோர்த்து இறக்குங்கள்.


குளச்சல்_சிஸ்டர்:

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாந்தி பற்றி யாரும் உருப்படியாகச் சொல்லாததால். மாத்திரையை வள்ளத்தில் ஏறின பிறகு போட்டுப் பயன் இல்லை, வயிறு புரட்ட ஆரம்பித்த பிறகு எதுவும் உள்ளே தங்காது. அவோமின் போன்ற மாத்திரை என்றால் முந்தின ராத்திரி படுக்கும்போது ஒன்று, தேவைப்பட்டால் காலையில் ஒன்று. தூக்கம் வரும், அதனால் டாக்டரிடமோ மருந்துக்கடையிலோ கேட்டுவிட்டுப் போடுங்கள், கரையில் இறங்கி உடனே பைக் ஓட்டாதீர்கள். முந்தின ராத்திரி குடித்துவிட்டு இதைப் போடவே கூடாது. ஆறு பேர் ஒரு வருஷம் கழித்துச் சேர்கிறீர்கள், முந்தின ராத்திரி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள், இரண்டு இட்லி, இல்லை கொஞ்சம் கஞ்சி. வள்ளத்தின் நடுவில் உட்கார்ந்து கரையையோ மலையையோ பார்த்துக்கொண்டிருந்தால் தாங்கும். குனிந்து முள்ளில் இரை கோர்க்கும்போதுதான் நிறையப் பேருக்குத் தொடங்கும், மண்ணெண்ணெய்ப் புகையும் சேர்ந்துகொள்ளும். அந்த நண்பருக்கு இரை கோர்க்கிற வேலையைக் கொடுக்காதீர்கள்.

கெளிறும் திருக்கையும் வந்தால் மாமாவே முள்ளைக் கழற்றட்டும். கெளிறு குத்தினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும், கரைக்கு வந்ததும் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை அரை மணி நேரத்துக்கு மேலாக முக்கி வைத்தால் வலி குறையும், அந்த விஷம் சூட்டில் கெடும். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், முள் உள்ளே முறிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், டிடி (டெட்டனஸ்) ஊசியும் வேண்டும்.


குறும்பனை_மருமகள்:

மீனைப் பிடிப்பது வரைக்கும் எல்லோரும் பேசிவிட்டீர்கள், அதை வீட்டுக்குக் கொண்டுவருவது பற்றிப் பேச ஆள் இல்லை, எப்போதும் இப்படித்தான். ஐஸ் கொண்டுபோங்கள், மீன் எவ்வளவோ அவ்வளவு ஐஸ் என்று கணக்கு. சூரையும் அயிலையும் வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் கிடந்தால் பார்க்க ஒன்றும் ஆகாது, மணம்கூட மாறாது, ஆனால் தின்றால் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் தடிக்கும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் கடற்கரையில் வெயிலில் கிடந்ததை மலிவாக இருக்கிறது என்று வாங்கித் தின்றுவிட்டு, எங்கள் ஊர் மீனே ஒத்துக்கொள்ளாது என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிடித்த உடனே சூரையின் செவுளைக் கீறி ரத்தத்தை வடியவிட்டு ஐஸுக்குள் போடுங்கள்.

பேத்தை விஷ மீன், வந்தால் கடலிலேயே விட்டுவிடுங்கள், சுத்தம் செய்து பார்க்கலாம் என்று யாரும் வீரம் காட்ட வேண்டாம். கிளாத்தியைத் தூக்கி எறியாதீர்கள். தோல் செருப்புத் தோல் கனம் இருக்கும், செதில் சீவ முடியாது. தலைக்குப் பின்னால் கத்தியை நுழைத்து, தோலை ஒரு ஓரத்தில் தூக்கிப் பிடித்து, வாலை நோக்கி ஒரே இழுப்பில் உரிக்க வேண்டும், உள்ளே சதை வெள்ளை வெளேர் என்று இருக்கும். நல்லமிளகும் மிளகாய் வற்றலும் அரைத்துப் பொரித்தால் நெய்மீன் எதற்கு என்று இருக்கும். கலவாத் தலையைத் தேங்காய் அரைத்து, புளியும் இரண்டு துண்டு மாங்காயும் போட்டு வையுங்கள், கூட மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) அவியுங்கள்.

மாமாவுக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். கேட்டால் சிரிக்கத்தான் செய்வார், மருமகனின் கூட்டுக்காரனிடம் கூலி பேச வாய் வராது, கூலி வாங்கினால் சட்டத்துக்கும் ஆகாது. அன்றைக்கு அவருக்குத் தொழில் போகிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள். மண்ணெண்ணெய், இரை, ஐஸ் மூன்றையும் நீங்களே முந்தின நாள் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பிடித்ததில் விலைபோகிற மீன் எல்லாம் அவருக்கு, உங்களுக்குக் கறிக்கு வேண்டியது மட்டும். கிறிஸ்துமஸ் சமயம், அத்தைக்கு ஒரு சேலை, பிள்ளைகளுக்கு ஏதாவது என்று வீட்டுக்குப் போய்க் கொடுங்கள். கூட வருகிற கூட்டாளி ஒருவர் இருப்பார், அவரை விட்டுவிடாதீர்கள்.


வடசேரிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. வெட்ஜ் பேங்க் கனவைக் குழுவில் அறிவித்துக் கலைத்துவிட்டேன், துபாய்க்காரன் மட்டும் இரண்டு மணி நேரமாகப் பேசவில்லை. அவனிடம் குட்டை ராடு இரண்டு என்று சொல்லியாயிற்று. மாமாவிடம் நண்பன் மூலமாக, தேதியை நீங்களே சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாசிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னதும் அவர் முதல் தடவையாகச் "சரி" என்றாராம். எத்தனை பேர் என்று கேட்டு, ஆறு பேர் அதிகம், நாலு பேர் வாருங்கள், மற்ற இரண்டு பேர் கரையில் நில்லுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். போலீஸிடம் அவரே கூட வந்து கேட்பதாகச் சொல்கிறார். பஸ் நண்பன் தானாகவே கரை என்றுவிட்டான், இன்னும் ஒருவன் யார் என்று இங்கே குழுவில் சண்டை நடக்கிறது. கடைசியாக ஒன்று, ஐஸ் பெட்டி புதிதாக வாங்க வேண்டுமா?


குறும்பனை_மருமகள்:

புதிது எதற்கு, மீன்சந்தையில் மீன் வந்து இறங்கின பழைய தெர்மோகோல் பெட்டி கிடைக்கும். மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று பார்த்து இரண்டாக வாங்குங்கள், ஒன்று மீனுக்கு, இன்னொன்று குடிதண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும். கட்டி ஐஸ் வாங்கிச் சாக்கில் போட்டு வீட்டிலேயே உடைத்துக்கொண்டு போங்கள், வள்ளத்தில் வைத்து உடைக்க விடமாட்டார்கள்.